இது நேர்த்தி இல்லை, அக்கா

எனக்குக் கோபம் கெதியாக வரும். நான் சொல்லாவிட்டாலும் மடத்துவெளியில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள் என்பதால் நானே முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் உபதபாற்கந்தோரின் யன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று என்னிடம் ஏச்சு வாங்காதவர்கள் குறைவு. முத்திரையை நக்கி ஒட்டாதீர்கள், பக்கத்தில் பசை இருக்கிறது என்று ஒருமுறை சொல்வேன். இரண்டாம் முறையும் சொல்வேன். மூன்றாம் முறை சொல்லுகிற விதம் வேறு. வயது ஐம்பத்திரண்டு, இனி மாறுகிற உத்தேசமும் இல்லை.

இந்தக் குணத்தைச் சகித்துக்கொண்டு முப்பத்தைந்து வருடமாக நின்றுபிடித்திருக்கிற ஒரே சிநேகிதி ஒரு நெடுந்தீவுக்காரி. யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படித்தபோது விடுதியில் எனக்குப் பக்கத்துக் கட்டில். தகப்பன் மாடு வளர்த்தவர். சனி ஞாயிறில் வீட்டுக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் கடல் கடக்கிற லாஞ்சில் ஒரு போத்தல் நெய்யும் அவளோடு வரும். அந்த நெய்க்காகத்தான் நான் முதலில் அவளோடு கதைத்தேன். அதை அவளுக்கும் சொல்லியிருக்கிறேன். கலியாணம் முடித்து இருபத்தைந்து வருடமாக நோர்வேயின் வடக்கு மூலையில், கடலோரம் ஒரு சின்ன ஊரில் இருக்கிறாள். அவளுக்கும் மனுசனுக்கும் ஒரே மீன் தொழிற்சாலையில் வேலை. பிள்ளைகள் இல்லை.

மூன்று வருடங்களுக்கு முன் அந்த மனுசன் செத்துப்போனார். ஒரு காலை வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தவர், ஒரு காலுக்கு நூல் கட்டி முடித்து, மற்றக் காலுக்குக் குனிந்தபோது அப்படியே கதிரையில் சரிந்துவிட்டார். இவள் குசினியில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றிருக்கிறாள். பத்தடி தூரம்.

அதன் பிறகு அவள் வீட்டை விட்டு இறங்கவில்லை. வேலைக்கு லீவு. சாமான்களை யாரோ கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். நான் ஒவ்வொரு பின்னேரமும் போன் எடுப்பேன். என்ன கதைத்தாலும் கடைசியில் ஒரு வசனம் சொல்லுவாள்: "நான் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன." அழுதுகொண்டு சொன்னால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. இன்றைக்கு என்ன கறி என்று கேட்டால் பதில் சொல்லுகிற அதே குரலில் சொன்னாள். ஒரு கிழமை கேட்டேன், ஒரு மாதம் கேட்டேன், நாலு மாதம் கேட்டேன். அவள் ஏதாவது செய்துகொள்வாளோ என்ற பயத்தில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எனக்குப் பயம் வந்தாலும் அது கோபமாகத்தான் வெளியே வரும்.

ஒருநாள் வெடித்துவிட்டேன். "எழும்பு! எழும்பிக் கடைக்குப் போ. இருபத்திரண்டு வருசமாக் கண்டும் ஒருநாளும் வாங்காத சாமான் ஒண்டை வாங்கித் தின்னு. தின்னாட்டி இனி என்னோடை கதையாதை." அவள் போனை வைத்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து ஒரு படம் வந்தது. மண்ணிறக் கட்டி ஒன்று, ஒரு மூலை கடிபட்டு. அங்கத்தையச் சனம் பாணில் வைத்துச் சாப்பிடுகிற சீஸாம். கூடவே அவளுடைய குரல்: "பனங்கட்டியையும் சவர்க்காரத்தையும் ஒண்டாக் காய்ச்சின மாதிரிக் கிடக்கடி. இதை இந்தச் சனம் காசு குடுத்து வாங்குது." சொல்லிவிட்டுச் சிரித்தாள். நாலு மாதத்தில் நான் கேட்ட முதல் சிரிப்பு. நான் கந்தோரில் இருந்தபடியே அழுதேன். யன்னலுக்கு முன்னால் மின்சாரப் பில்லோடு நின்ற ஐயா, பில்லை மெல்ல மடித்துக்கொண்டு பேந்து வாறன் என்று போய்விட்டார்.

"சரி, இப்ப உனக்கு நான் ஒண்டு சொல்லுவன்" என்றாள். இப்படித்தான் எங்கள் கிழமைப் பந்தயம் தொடங்கியது.

விதிகள் தானாகவே வந்து சேர்ந்தன. ஞாயிறு பின்னேரம் ஆளுக்கு ஒரு வேலை சொல்லவேண்டும். அடுத்த ஞாயிறுக்குள் செய்து படமோ குரலோ அனுப்பவேண்டும். பொய் சொல்லக்கூடாது. தோற்றவள், மற்றவள் சொல்லுகிற புத்திமதியைப் பத்து நிமிடம் குறுக்கே ஒரு சொல்லும் சொல்லாமல் கேட்கவேண்டும். இந்தத் தண்டனை அவள் கண்டுபிடித்தது. எனக்கென்றே கண்டுபிடித்தாள் என்று நினைக்கிறேன்.

அவள் எனக்குச் சொன்ன முதல் வேலை, ஒரு கிழமை முழுக்க மஞ்சள் உடுத்தவேண்டும், கந்தோருக்கும்தான். என்னிடம் இருந்தது ஒரேயொரு மஞ்சள் சேலை. முன்வீட்டு அக்காவிடம் போய் இரண்டு இரவல் கேட்டேன். அக்காவுக்கு அறுபது தாண்டிவிட்டது. மனுசன் இல்லை, ஒரே மகன் பிரான்சில். பதினொரு வருடமாக அவனுக்கு அங்கே வதிவிடக் கார்ட் கிடைக்கவில்லை, அதனால் ஊருக்கு வரவும் ஏலாது. அக்கா கோயிலுக்கும் வீட்டுக்கும் நடந்தே காலம் போக்குகிறவர். சேலையை எடுத்துத் தந்துவிட்டு என் முகத்தை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"வியாழமாற்றத்துக்கோ மஞ்சள்? உமக்கு எத்தினையாம் இடத்திலை நிக்குது?"

"வியாழனும் இல்லை, சனியும் இல்லை அக்கா. நோர்வேயிலை இருக்கிற என்ரை சிநேகிதியோடை ஒரு பந்தயம். விளையாட்டு."

அக்கா தலையை ஆட்டினார். "ஓம் ஓம். சாமிக்கு வைச்ச நேர்த்தியை வெளியிலை சொல்லக்கூடாதுதான். நான் கேட்டது பிழை."

"இது நேர்த்தி இல்லை, அக்கா!"

"விளங்குது, விளங்குது" என்று வாயில் விரலை வைத்துக் காட்டினார்.

அங்கேதான் நான் மாட்டினேன். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் திடீரென்று வழமைக்கு மாறாக ஏதாவது செய்தால் அது நேர்த்திதான். வேறு காரணம் இருக்க ஏலாது. இல்லை என்று சொன்னால் நேர்த்தி பலிக்கவேண்டும் என்று மறைக்கிறாள் என்று அர்த்தம். கோபத்தோடு இல்லை என்று சொன்னால் பெரிய நேர்த்தி என்று அர்த்தம். நான் கோபத்தோடுதான் சொன்னேன்.

புதன்கிழமை பார்த்தால் அக்காவும் மஞ்சளில் நிற்கிறார். மகனுடைய கார்ட்டுக்காக. "நீர் பிடிக்கிற நேர்த்தியை நானும் பிடிச்சா என்ன குறைஞ்சா போகும்?" என்றார். இரண்டு பேரும் மஞ்சளோடு பஸ்ஸுக்கு நின்றதைப் பார்த்து என் மனுசன் வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அரச பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். அதிகம் பேசமாட்டார், ஆனால் சிரிப்பதில் குறை வைக்கமாட்டார்.

அடுத்து மிளகாய் இல்லாத கிழமை. தூளும் இல்லை, பச்சைமிளகாயும் இல்லை, செத்தல்மிளகாயும் இல்லை. ஏழு நாளும் எங்கள் வீட்டில் எல்லாக் கறியும் வெள்ளை. மூன்றாம் நாள் மனுசன் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"இஞ்சை பாரும், பந்தயம் உமக்கோ எனக்கோ?"

"வீட்டுக்கு."

"அப்ப என்னையும் கேட்டெல்லோ பந்தயம் கட்டியிருக்கவேணும்" என்று எழும்பிச் சந்திக் கடைக்குப் போனார். அங்கே உறைப்பு ரோல்ஸ் மூன்று சாப்பிட்டாராம், கடைக்காரனே எனக்குச் சொன்னான். முன்வீட்டிலும் அந்தக் கிழமை வெள்ளைக் கறிதான் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அது முடிந்து பத்தாம் நாள் அக்காவின் மகனுக்குக் கார்ட் கிடைத்துவிட்டது.

இனி நான் என்ன சொல்லி யார் கேட்கப்போகிறார்கள்? அக்கா ஊரெல்லாம் சொல்லவில்லை, அப்படிச் சொல்லுகிற ஆளும் இல்லை. ஆனால் காது காதாகப் போய்விட்டது. முத்திரை வாங்க வந்த பிள்ளைகள் குரலைத் தாழ்த்தி, "இந்தக் கிழமை என்ன அன்ரி பிடிக்கிறீங்கள்?" என்று கேட்கத் தொடங்கினார்கள். ஒருத்திக்குச் சோதினை பாஸாகவேண்டும், ஒருத்திக்குக் கலியாணம் சரிவரவேண்டும். "சும்மா போங்கோ பிள்ளையள், எனக்கு விசர் வருது" என்றால் அதையும் பக்தியோடு கேட்டுக்கொண்டு போவார்கள். அரியண்டம் பொறுக்க ஏலாமல் சிநேகிதிக்குச் சொன்னேன். அவள் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறி இருமினாள். அந்த இருமலைக் கேட்டபோது, போகட்டும், ஊர் என்ன நினைத்தால் என்ன என்று பட்டது. எனக்கு வேண்டியது அந்தச் சிரிப்புத்தானே.

நான் அவளுக்குச் சொன்ன வேலைகள் எல்லாம் அவளை வெளியே இழுக்கிறவை. நான் அதை மறைக்கவும் இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிற ஆளோடு கதை என்றேன். "எடி விசரி, இஞ்சை பஸ்ஸிலை அப்பிடிக் கதைச்சாப் பொலிசைக் கூப்பிடுவாங்கள்" என்றாள். ஆனால் கதைத்தாள். பின்னல் பின்னிக்கொண்டிருந்த ஒரு கிழவியோடு. அந்த மனுசி கதைச் சுவாரசியத்தில் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு தரிப்பிடம் கூடப் போனதாம். கடலுக்குள் காலை வைத்து நூறு எண்ணு என்றேன். நாற்பது மட்டும் எண்ணினாள். "பேந்து காலைத் தேடிப் பாத்தனான், இருக்குதோ எண்டு" என்றாள். நெடுந்தீவில் பிறந்தவளுக்கு நாற்பது போதாது என்று நான் வாதாடினேன், கடைசியில் விட்டுக்கொடுத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக அவள் அரைநாள் வேலைக்குப் போகத் தொடங்கினாள். "நான் இருந்தா என்ன" என்கிற வசனம் கிழமைக்கு ஒருமுறையானது, பிறகு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தும் வரவில்லை.

எனக்குக் கிடைத்ததில் கடினமானது, ஒருநாள் முழுக்கக் கந்தோரில் ஒரு சொல்லும் கதையாமல் இருக்கவேண்டும் என்பது. ஒரு பலகையில் 'இன்று தொண்டை சரியில்லை' என்று எழுதி யன்னலில் தொங்கவிட்டேன். அது பொய்தான், ஆனால் பொய் சொல்லக்கூடாது என்ற விதி எங்கள் இருவருக்குள் மட்டும்தானே. காலை பதினொரு மணிவரை தாக்குப்பிடித்தேன். பதினொரு மணிக்கு ஒரு பெரியவர் வந்து, என் கண்ணுக்கு முன்னால், பசைப் போத்தலுக்குப் பக்கத்திலேயே, ஆறு முத்திரையை ஒவ்வொன்றாக நக்கினார். ஆறாவதுக்கு என் வாய் திறந்துவிட்டது. திறந்தது சும்மா திறக்கவில்லை. அந்தக் கிழமை பத்து நிமிடப் புத்திமதி கேட்டேன். "உனக்கு மற்ற ஆள் வாய் திறக்கமுந்திப் பதில் வந்திடுதடி" என்பதுதான் அதன் சாரம். எனக்கு அது பெரிய குற்றமாகப் படவில்லை.

இப்போது அலுமாரிக்கு வருகிறேன். வீடியோவில் கதைக்கும்போது அவளுக்குப் பின்னால் ஒரு பழுப்பு அலுமாரி தெரியும். மனுசனுடையது. ஒருநாள் கேட்டேன், அதற்குள் இருந்த உடுப்பையெல்லாம் என்ன செய்தாய் என்று. திறக்கவில்லை என்றாள். எப்போதிருந்து என்றேன். அவர் செத்த கிழமையிலிருந்து என்றாள்.

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. அவள் நன்றாக வந்துவிட்டாள், இனி இந்த ஒன்றுதான் மிச்சம், இதையும் தள்ளிவிட்டால் முடிந்தது என்று நினைத்தேன். அதை நல்ல மாதிரிச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: "அதுக்குள்ளை என்ன, பாம்பே கிடக்கு? மூண்டு வருசம் காணும். இந்தக் கிழமை முழுக்கத் துடைச்சு வெறுமையாக்கிப் படம் அனுப்பு. உடுப்பைக் கட்டி ஆருக்காவது குடு. இதுதான் பந்தயம்."

"ஓம்" என்றாள்.

"சரி, எனக்குச் சொல்லு."

"உனக்கு இந்தக் கிழமை... ஒருத்தரையும் ஏசாமல் இரு" என்றுவிட்டு வைத்தாள். நான் செவ்வாய்க்கிழமை தோற்றேன்.

ஞாயிறு வந்தது. படம் வரவில்லை, குரலும் வரவில்லை. 'தோத்தாத் தோத்தது எண்டு சொல்லு, ஏன் ஒளிக்கிறாய்' என்று எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. போன் எடுத்தேன். அடித்து அடித்து ஓய்ந்தது. இரண்டாம் ஞாயிறும் அப்படியே. கடைசியாக எப்போது போனைப் பார்த்தாள் என்று அதில் காட்டும். ஒவ்வொரு நாளும் காலையில் பார்க்கிறாள். உயிரோடுதான் இருக்கிறாள் என்பது அதில் தெரிந்தது, அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. அந்த ஊரில் எனக்குத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். வேறு யாரிடம் கேட்பது? வேலைக்குப் போகிறாளா, திரும்பவும் கதவைப் பூட்டிக்கொண்டு கிடக்கிறாளா, அந்தப் பழைய வசனத்தை இப்போது யாருக்குச் சொல்லுகிறாள்? மூன்று வருடமாக விரலைப் பிடித்து வெளியே கூட்டிவந்த ஆளை நானே திரும்ப உள்ளே தள்ளிவிட்டேனோ? மனுசன் என்னைப் பார்த்துவிட்டு, தானே தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார். அது எங்கள் வீட்டில் நடக்கிற காரியம் இல்லை.

மூன்றாம் ஞாயிறும் வெறுமையாகப் போய், திங்கள் முன்வீட்டு அக்கா கந்தோருக்கு வந்தார். யன்னலுக்குள் குனிந்து, "இந்தக் கிழமை என்ன?" என்று கேட்டார்.

நான் ஏசுவேன் என்றுதான் அவரும் நினைத்திருப்பார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கதவைத் திறந்து அக்காவை உள்ளே கூப்பிட்டு, முத்திரை மேசைக்குப் பக்கத்துக் கதிரையில் இருத்தி, எல்லாவற்றையும் சொன்னேன். சப்பாத்து, சீஸ், மஞ்சள் சேலை, கடல், அலுமாரி, எல்லாம். அக்கா முடிந்தபிறகு கேட்டார்.

"மெய்யே? அப்ப மஞ்சள் உடுத்தது நேர்த்தி இல்லையோ?"

"இல்லை அக்கா. நான் அண்டைக்கே சொன்னனான்."

"மிளகாய் விட்டது?"

"அதுவும் இல்லை."

அக்கா திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். "அட கறுமமே! இவ்வளவையும் அம்மாளுக்கு ஒரு சொல்லுச் சொல்லாமல் சும்மாவோ செய்தனீர்? நான் சொல்லிப்போட்டுச் செய்தனான், எனக்குக் கிடைச்சுது. நீர் மூண்டு வருசமாப் பட்ட பாடெல்லாம் வீணாப் போச்சுதே!"

எனக்கு அழுகைக்குள்ளும் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை லீவு எடும். நயினாதீவு அம்மாள் கோயிலுக்குப் போவம்" என்றார்.

"என்னத்தை நேர்றது அக்கா? மஞ்சளோ?"

"மஞ்சள் உமக்குக் கஷ்டமே? எது ஏலாதோ அதைத்தான் அம்மாளுக்குக் குடுக்கவேணும்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார், "உமக்கு வாயை மூடத்தான் ஏலாது. விடிய எழும்பினதிலை இருந்து பூசை முடியுமட்டும் ஒரு சொல்லும் கதையாதையும்."

நான் கோயில் குளம் என்று ஓடித் திரிகிற ஆள் இல்லை. நல்லநாள் பெருநாளுக்குப் போவேன், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கிழமை வேறு செய்வதற்கு எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. வெள்ளி காலை எழும்பி மனுசனுக்குக் கையால் காட்டினேன். அவர் விளங்கிக்கொண்டு, "அம்மாளாச்சி, பூசை பின்னேரம்வரைக்கும் நடக்கட்டும்" என்று மேலே பார்த்துக் கும்பிட்டார். வேறு நாளென்றால் அதற்கு நல்ல பதில் கிடைத்திருக்கும்.

பஸ்ஸில் குறிகட்டுவான் இறங்குதுறைவரைக்கும் இரண்டு பேருக்கும் சேர்த்து அக்காவே கதைத்தார். நடத்துநருக்கு, தெரிந்தவர்களுக்கு, தெரியாதவர்களுக்கு. லாஞ்சில் கீழே இடமில்லை. மேல்தட்டில், இயந்திரப் புகை அடிக்கிற பக்கம் இருந்தோம். கரையை விட்டு இரண்டு நிமிடம் போயிருக்காது, மடியில் போன் அடித்தது. அவளுடைய பெயர்.

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா போனைப் பார்த்தார். இன்னும் கோயிலுக்குக்கூடப் போகவில்லை. எடுத்துக் கதைத்தால் நேர்த்தி முறிந்துவிடும். எடுக்காவிட்டால், மூன்று கிழமைக்குப் பிறகு அடிக்கிற போன், இனி எப்போது அடிக்குமோ தெரியாது. அடிப்பது நிற்கப்போகிறதே என்று பச்சைப் பொத்தானை அமுக்கிவிட்டேன். இயந்திரச் சத்தத்தில் காதில் வைத்தால் கேட்காது, ஸ்பீக்கரில் போட்டேன்.

"எடி, நான்தான்" என்றாள்.

நான் சேலைத் தலைப்பை வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டேன்.

"கோவமே?... கதையன்... சரி, ஏசு. ஏசுறதெண்டா ஏசு. நான் தோத்திட்டன்."

என் கண்ணால் தண்ணீர் ஓடுகிறது, வாய் இறுகிக் கிடக்கிறது. அக்கா பொறுத்துப் பார்த்துவிட்டுப் போனை நோக்கிக் குனிந்தார். "பிள்ளை, நான் முன்வீட்டு அக்கா. அவ இண்டைக்கு வாய் திறக்கமாட்டா. நயினாதீவுக்குப் போய்க்கொண்டிருக்கிறம். நேர்த்தி."

"நேர்த்தியோ? அவவோ? ஆருக்கு?"

"உமக்குத்தான். வேறை ஆருக்கு?"

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று போனைத் தூக்கிப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"விடியத் துவங்கி ஒண்டும் கதைக்கேல்லையோ அவ?" என்று கேட்டாள்.

"ஒரு சொல்லும் இல்லை."

"அம்மாளாச்சி" என்றாள். அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. பிறகு கதைக்கத் தொடங்கினாள்.

அலுமாரியைத் திறந்தாளாம். நான் சொன்ன அடுத்த நாளே. சேட்டுகளை எடுத்துக் கட்டிலில் போட்டாளாம், அது பரவாயில்லையாம். அடித்தட்டில் அந்தச் சப்பாத்து இருந்ததாம். "ஆஸ்பத்திரியிலை ஒரு பையிலை போட்டுத் தந்தவை. நான் அப்பிடியே வைச்சிட்டன். ஒண்டிலை நூல் கட்டிக் கிடக்கு, மற்றதிலை கட்டேல்லை. அதைக் குடுக்கிறதெண்டா முடிச்சை அவிழ்க்கவேணுமெல்லோ. அது அவர் கட்டின முடிச்சடி. அவர் கடைசியாச் செய்த வேலை அதுதான்." எல்லாவற்றையும் திரும்ப உள்ளே வைத்துப் பூட்டிவிட்டாளாம். தோற்றுவிட்டேன் என்று சொல்ல ஒவ்வொரு நாளும் போனை எடுத்தாளாம். "நீ ஏசுவாய் எண்டு பயம். 'பழஞ்சப்பாத்துத்தானே' எண்டு சொல்லுவாய். நீ அப்பிடிச் சொன்னா எனக்குத் தாங்க ஏலாது. அந்தப் பயத்திலைதான் எடுக்கேல்லை."

எனக்கு என்னைத் தெரியும். வாய் திறந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். அதே சொல்லை, அவள் அந்த முடிச்சைப் பற்றிச் சொல்ல வரமுந்தியே சொல்லியிருப்பேன். மூன்று வருடம் எவ்வளவோ கதைத்திருக்கிறோம், இந்த முடிச்சைப் பற்றி அவள் ஒரு தரமும் வாய் திறக்கவில்லை. நான் இடம் விட்டால்தானே.

அவள் நிறுத்தவில்லை. அந்தக் காலை அவர் கேட்ட தேத்தண்ணீரைப் பற்றி, சீனி போட்டேனா போடவில்லையா என்று இன்றைக்கும் ஞாபகம் வராததைப் பற்றி, தொழிற்சாலையில் அவர் நின்ற இடத்தில் இப்போது நிற்கிற பெடியனைப் பற்றி. லாஞ்சு நயினாதீவு இறங்குதுறையில் முட்டுமட்டும் கதைத்தாள். அக்கா என் முதுகில் கையை வைத்துக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, போய்க் கும்பிட்டிட்டு வா. பேந்து உன்ரை பத்து நிமிசத்தையும் கேக்கிறன், தோத்தது தோத்ததுதானே" என்று சொல்லி வைத்தாள்.

பூசை முடிய மத்தியானம் ஆகிவிட்டது. வெளிவீதிக்கு வந்ததும் அக்கா என் நெற்றியில் குங்குமம் வைத்து, "இனிக் கதையும்" என்றார்.

ஒரு வேப்பமரத்தடியில் நின்று போன் எடுத்தேன். முதல் அடியிலேயே தூக்கினாள். ஒன்றும் சொல்லவில்லை, விதிப்படி.

"அலுமாரி அப்பிடியே கிடக்கட்டும்" என்றேன்.

அவள் காத்திருந்தாள்.

"அவ்வளவுதானோ?" என்றாள். "இன்னும் ஒம்பதரை நிமிசம் கிடக்கடி."

"அவ்வளவுதான்."

மிச்ச நேரமும் இரண்டு பேரும் ஒன்றும் கதைக்கவில்லை. போனை வைக்கவும் இல்லை.